சிவப்பு விளக்கு

குண்டூசியால் குத்தி, ஐந்தாம் முறையாக ரீசெட்.
"இணைக்கத் தயார்" என்கிறாள் கேமராவுக்குள் இருப்பவள்.
சொல்லிவிட்டு மறுபடி சிவப்பாய்ச் சிமிட்டுகிறாள்.
ரெண்டு புள்ளி நாலுதான் அவளுக்குப் புரியுமாம்,
அஞ்சில் கூப்பிட்டால் காது கேட்காதாம்.
சென்னையிலிருந்து பங்களாக்காரர் போனில் சொல்கிறார்.
அவர் பேச்சே பாதிதான் கோத்தகிரி ஏறுகிறது,
மீதி சில்வர் ஓக்கில் மாட்டிக்கொள்கிறது.
பாஸ்வேர்டில் எந்த எழுத்து பெரியது?
வைத்தவருக்கே மறந்துவிட்டது.

லென்ஸில் படிந்த மஞ்சை
சட்டை நுனியால் துடைக்கிறேன்.
ஏணியைப் பிடித்திருக்கும் ரீத்தம்மாள்
"அண்ணே, அசையாதீங்க" என்கிறாள், மிக மெல்ல.
நான் எங்கே அசைகிறேன்,
ஏணியல்லவா அசைகிறது.

குனிந்தேன்.
சமையல்கட்டுக் கதவருகே கரடி.
போன வாரம் எண்ணெய் டின்னை நக்கிப்போனதே, அதேதான்,
காதில் அந்தக் கிழிசல்.
எங்களை ஒருமுறை பார்த்தது.
கதவை மோந்தது.
அவசரமில்லாமல் தேயிலைக்குள் இறங்கிப்போனது.

அப்புறம்தான் விளக்கு நீலமானது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" சென்னை துள்ளியது.
"ஏன் ரெண்டு பேரும் ஏணியைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?
கொஞ்சம் தள்ளுங்க,
கரடி வந்தா தெரியணுமில்ல."