மிச்ச இடம்

நாங்குநேரி கோர்ட்டில்
சாட்சி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது என் வேலை.
பதினாறு வருஷம் ஆகிறது.
வாயில் வருவது ஒன்று, தாளில் ஏறுவது ஒன்று.
"அவரு வந்தாருல்லா" என்றால்
வாதி வந்தார்.
"மறந்துபோச்சு" என்றால்
நினைவில்லை.
விரலுக்கே தெரியும், நான் வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை பேச்சிக்கனி கூண்டேறினாள்.
மூலைக்கரைப்பட்டிக்காரி.
ஆடிக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.
பறக்காமல் இருக்க
கட்டின் மேல் ஸ்டாப்ளரை வைத்திருந்தேன்.

எதுவும் எழுதாத பத்திரத்தில்
ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க, என்றார் வக்கீல்.

"ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. விடியக்காலம் மூணு மணி.
அவுகள ஊருக்குக் கொண்டாரணும்,
ஆம்புலன்ஸுக்காரன் நிக்கான்.
திரவியம் ரூவாயும் நீட்டுனாரு, பேப்பரும் நீட்டுனாரு.
எனக்கு அப்ப மைண்டு பிளாங்க் ஆயிட்டு."

வள்ளியூர் பாலிடெக்னிக்கில் மகள் படிக்கிறாளாம்.
பரீட்சைக்குப் பரீட்சை
அவள் வீட்டுக்குக் கொண்டுவருகிற வார்த்தை.

விரல் அடித்துவிட்டது: நினைவில்லை.

வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்.
எல்லாரும் கடைசி வார்த்தையைத் தேடித்தான் போவார்கள்,
கையெழுத்து அங்கேதானே.
இவள் எழுத்துக்கூட்டினாள். உதடு அசைந்தது.
நின்றது.

"இது நாஞ் சொன்னது இல்லியே.
நெனப்பெல்லாம் இருக்கு சார்.
அவுக கால் பெருவெரல்ல கட்டியிருந்த சீட்டு,
திரவியம் பேனா மூடிய வாயில கடிச்சுக்கிட்டு நின்னது,
எல்லாம் இருக்கு.
எனக்குள்ளதான் ஒண்ணும் இல்ல.
அந்தப் பேப்பர் எப்படிக் கெடந்துச்சோ
அப்படிக் கெடந்தேன்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.
சொன்னதையே போடும்.

போட்டேன்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் போல
ஒவ்வொரு எழுத்தாகத் தேடி.
மை. ண். டு.
பி. ளா. ங். க்.
ஒன்றுமில்லாததற்கு
இத்தனை எழுத்து வேண்டியிருக்கிறது.

வாசித்தாள். தலையசைத்தாள்.
பேனாவை வாங்கியவள் போடவில்லை.
கடைசி வரிக்குக் கீழே
நாலு விரற்கடை வெள்ளையாக இருந்தது.

"இதுல குறுக்க ஒரு கோடு போட்டுருங்க சார்."

ஸ்கேல் வைத்துப் போட்டேன்.
கையெழுத்துப் போட்டாள்,
பேச்சிக்கனி, 'ச்' கொஞ்சம் பெரிதாக.
மை காயட்டும் என்று ஊதினாள்.

பிறகு தாளைத் திருப்பி
பின்பக்கத்தை என்னிடம் காட்டினாள்.