வாளி டூட்டி

திங்கட்கிழமை.
தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் கேட்டில்
எனக்கு வாளி டூட்டி.
பாட்டிலைத் திற, மோந்து பார், ஊற்று.
யாரோ எப்போதோ பற்றவைத்துக்கொண்டதிலிருந்து
இங்கே தண்ணீர் மேலும் சந்தேகம்.

கெம்பம்மா கொண்டுவந்தது ஒரு லிட்டர்.
மூடியில் பேனாவால் போர் ஆழம்:
எழுநூற்றெண்பது அடி.
"குடிக்க இல்லைங்க. காட்டறதுக்கு."

மோந்தேன்.
மண்ணெண்ணெய் இல்லை. பெட்ரோல் இல்லை.
"வாசனையே வராதுங்க,
வராமத்தான் எம் பையன் காலை வளைச்சுது."

அவர்கள் மனுவில்
புளோரைடு மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது.
என் படிவத்தில் எல்லாம் ஒரே விதம்:
ஆட்சேபகரமான பொருள்.
பின்னணியில் இருப்பவர்.
போர் ஆழத்துக்குக் கட்டம் கிடையாது.

"யார் அனுப்புனது உங்கள?"
கேட்க வேண்டும், கேட்டேன்.
"எட்டு மணி பஸ்ஸு."
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
பதினோரு பெண்கள்.
வயர்லெஸ்ஸில் சொல்லும்போது
கும்பல் என்று வந்தது,
என் குரலில்தான்.

ஊற்றிவிட்டேன்.
வாளிக்குள் அது சும்மா கிடந்தது,
யாரையும் எரிக்காமல்,
வேப்பமரத்தின் ஒரு கிளையைக் காட்டிக்கொண்டு.

காலிப் பாட்டிலைத் திருப்பி வாங்கி
அவள் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.
ஒரு சொட்டு இருந்திருக்கும்.
மூடியை இறுக்கி மூடினாள்.

"நீ எந்த ஊரும்மா?"

பென்னாகரம் பக்கம் என்று சொல்ல
வாயைத் திறக்க வேண்டும்.
திறந்தால் பழுப்பு தெரியும்,
முன்பல் நாலிலும்.
பத்து வருட சர்வீஸில்
எந்த குரூப் போட்டோவிலும் நான் சிரித்ததில்லை.

கையை மட்டும் நீட்டினேன்,
அடுத்த பாட்டிலுக்கு.