அவள் இடம், அவன் வலம்

மே பிறந்தும் மலை தன் வெள்ளையை அவிழ்க்கவில்லை.
சிக்லுஃபியோர்தரில் ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே ஜாக்கியின் மேல்
ஒரு காலைத் தூக்கி நிற்கிறது
ஸ்டெய்னுனின் பழைய லாடா.
பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள்.

போன ஞாயிறு முழுக்கப் போராடிச்
சுருள்வில்லைக் கழற்றியாயிற்று, சங்கிலி போட்டுத்தான்.
கை நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும்.
இப்போது சுவரோரம் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது,
தலையில் யாரோ வைத்த காப்பிக் கோப்பையுடன்.

மிச்சம் ஒரே ஒரு தண்டு.
கீழ்க்கரத்தை வண்டியோடு கோத்திருக்கும்
முழநீள இரும்பு.
சாலையில் தூவிய உப்பும் கடல் தூவிய உப்பும்
முப்பது குளிர்காலம் குடித்துவிட்டுப்
புஷ்ஷுக்குள் குடியிருக்கிறது,
வாடகை தராத குடித்தனக்காரன்போல.

கழற்றிய நட்டையே இரண்டிரண்டாகத் திரும்பப் பூட்டி
அதைப் பிடித்துத்தான் திருக வேண்டும்.
முன்முனையில் அவள்.
பின்முனையில் அடுத்த வீட்டு வாட்ஸ்வாஃப்.
ஐந்து வருடமாக ஒரே மீன் ஆலை,
நகரும் ஒரே பட்டைக்கு எதிரெதிர்க் கரை.
இதுவரை பேசியது
காலை வணக்கமும் கையுறைக் கணக்கும்.

'வின்ஸ்த்ரி' என்கிறாள்.
'லெவோ' என்று தலையாட்டுகிறான்.
ஐஸ்லாந்திலும் போலந்திலும் அதற்கு இடம் என்றே பொருள்.
ஆனால் தலைக்குத் தலை மல்லாந்தவர்களுக்கு
அவள் இடம்
அவன் வலம்.
கால் மணி நேரம்
ஒரே தண்டை ஆளுக்கொரு திசையில் முறுக்கினார்கள்.
துரு வேடிக்கை பார்த்தது.

அவன்தான் கண்டுபிடித்தான்.
ஸ்பேனரால் கதவைக் காட்டி: கடல்.
பின்சுவரைக் காட்டி: மலை.
அந்த இரண்டு வார்த்தைகள் அவனுக்குத் தெரியும்.
இந்த ஊரில் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

கடல், என்றாள். இழுத்தார்கள்.
திரும்பியது!
கால் சுற்று, நிஜமாகவே கால் சுற்று.
அவள் சிரித்ததில் துருத்தூள் பல்லில் விழுந்தது.
கையை எடுத்தார்கள்.
தண்டு நிதானமாகப்
பழைய இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது.
முறுக்கியது ரப்பர்.
இரும்பு அசையவே இல்லை.

பிறகு மகளின் நகப்பூச்சு அழிப்பானில்
கியர் எண்ணெய் கலந்து ஊற்றினார்கள்.
தீ காட்டினார்கள். ரப்பர் கருகி
கொட்டகை முழுக்க எரிந்த செருப்பின் வாடை.
அடித்தார்கள்.
அடித்த அடிக்கு அம்மியாக இருந்தால்
ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கும்.
வேலைக்குப் போனார்கள், வந்தார்கள்,
எண்ணெய் விட்டார்கள், மறுபடி அடித்தார்கள்.

ஆறாம் நாள், யாரும் எதிர்பாராத ஒரு லேசான அடிக்கு,
வலச்சக்கரத்துத் தண்டு
தும்மியதுபோல் ஒரு சத்தம் போட்டு வெளியே வந்தது.
நடுவில் ஒரு விரலகலம் துருவே தொடாமல்,
கடைசல் வரிகள் இன்னும் பளபளவென்று.
வாட்ஸ்வாஃப் அதைச் சட்டையில் துடைத்து
வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தான்.

இடச்சக்கரத்தது வரவில்லை.
ரம்பத்தால் அறுத்தார்கள், இரண்டு இரவு, நான்கு அலகு.
இடம் லேசில் விடாது.

புதுத் தண்டுக்கு அவன்
இரண்டு விரலால் அள்ளி அள்ளிக் கிரீஸ் பூசினான்.
போதும், என்றாள்.
கேட்காததுபோல் இன்னொரு அள்ளு.

பரிசோதகர் கைவிளக்கோடு கீழே குனிந்தார்.
சஸ்பென்ஷனைத் தட்டினார், ஆட்டினார், எதுவும் சொல்லவில்லை.
சைலன்ஸர் ஓட்டை என்று
எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆலையில்
மீன் ஓடும் பட்டைக்கு மேலாக
அந்தச் சீட்டை நீட்டிக் காட்டினாள்.
அவன் படிக்கவில்லை.
இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி
அவள் மொழியிலேயே கேட்டான்:

கடலா, மலையா?