மூன்றாம் அத்தியாயத்தில் இறந்தவன்

கைஷாவின் புத்தகம் வந்துவிட்டது.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நியாமேயில் அச்சாகி, பேருந்துக் கூரையில்
வெங்காய மூட்டைகளோடு அகடெஸ் வந்து இறங்கியது.
அட்டையில் 'ஏழு நூல்களில் முதலாவது' என்று போட்டிருக்கிறது.
மிச்சம் ஆறும் அவள் தலைக்குள் இருக்கின்றன,
பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வெளியே வரும்.

முன்பக்கத்தில் ஒரு வரைபடம்.
என் லாரி போகும் பாதைதான், பெயர்கள் வேறு.
டிர்க்கூ இருக்கும் இடத்தில் கண்ணாடிக் கோட்டை.
பில்மாவின் உப்புக்குழிகளில்
பெயர் தொலைத்த அரசிகள் உறங்குகிறார்கள்.
டயர் மாற்ற நான் வழக்கமாக நிற்கும் மேட்டுக்குப்
பொறுமையின் முதுகு என்று பெயர் வைத்திருக்கிறாள்.
அங்கே நான் விட்ட வசவுகள் எதையும்
வரைபடத்தில் குறிக்கவில்லை.

கதை இது:
பாலை என்பது மணல் இல்லை, ஒரு விலங்கின் தோல்.
விலங்கு தூங்குகிறது. கிணறுகள் அதன் கண்கள்.
யார் இறைத்தாலும் அதன் கனவில் ஒரு வாளி குறையும்.
கனவு வற்றினால் விழித்துக்கொள்ளும்.
விழித்தால் என்ன ஆகும்?
ஏழாம் நூல் வரைக்கும் உயிரோடு இரு, சொல்கிறேன் என்கிறாள்
என்னைக் கொன்றவள்.

ஆமாம், கொன்றுவிட்டாள்.
அகாலி என்ற பெயரைத் திருப்பி, ஒட்டுப்போட்டு, லிகான் ஆக்கி,
இரண்டு அத்தியாயம் ஒட்டகம் ஓட்டவிட்டு,
என் நசுங்கிய தேநீர்க் கெண்டியை, என் வாய்க்கொழுப்பை,
இடது காலைச் சற்றே இழுக்கும் நடையைக்கூட விடாமல் எழுதி,
மூன்றாவதில் ஒரு நண்பகலில்
எட்டே வரியில் முடித்துவிட்டாள்.
கோட்டைக் கதவுக்கு மட்டும் நான்கு பக்கம்!

போய்ச் சண்டை போட்டேன்.
கூடப் பிறந்தவனுக்கு ஒன்பதாவது வரி கிடையாதா?
அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
'திரும்பப் படி' என்றாள்.

டெனெரேயில், ரேடியேட்டர் ஆறும்வரை, நிழலே இல்லாத இடத்தில்
லாரிக்கு அடியில் படுத்துப் படித்தேன்.
வெயிலில் கோந்து உருகி, என் சாவு மட்டும்
தனித்தாளாகக் கையோடு வந்துவிட்டது.

லிகான் வழி தவறவில்லை. தாகம் அவனைத் தேடி வரவில்லை.
தூரத்தில் யாரோ துணியை ஆட்டினார்கள்.
அவன் நின்றான்.
பன்னிரண்டு பேர். தோற்பை ஒன்று.
மிச்சத்தை எழுத எட்டு வரியே அதிகம்.

நானும் ஒருமுறை துணி ஆடுவதைப் பார்த்தேன்.
மே மாதம். சுரத்தின் நடுவே, காலை பத்து மணிக்கே
ஸ்டியரிங் கையைச் சுட்டது.
பின்னால் முப்பத்தொரு பேர், கழிகளைப் பிடித்துத் தொங்கியபடி,
ஈரச் சாக்கு சுற்றி அவரவர் பெயர் எழுதிய கேன்களோடு
லிபியாவுக்குப் போகிறவர்கள்.
மேலே யாரோ கூரையைத் தட்டினார்கள்.
கானல், என்று கத்தினேன்.
ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

கானல் மஞ்சளாக இருக்காது.

இதை ஒருத்தியிடம்தான் சொன்னேன்,
மின்சாரம் போன ஓர் இரவில், அவள் முகம் தெரியாததால்.
கைஷா ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் தேநீரை ஊற்றினாள்; கை நடுங்கிக் கொஞ்சம் சிந்தியது.
அது ஆறு வருடத்துக்கு முன்னால்.
அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்
நான் நிற்பதை.

அந்தத் தாளைக் கண்ணாடிக்கு மேல், வெயில் தட்டியில் செருகியிருக்கிறேன்,
போலீஸ் சாவடிகளில் காட்டும் காகிதங்களோடு.
ஒரு காவலர் அதையும் வாங்கிப் பார்த்துவிட்டு,
தலைகீழாகப் பிடித்தபடியே, சரி போ என்றார்.

இரண்டாம் நூலில் அந்தப் பன்னிரண்டு பேர்
வடக்கே நடக்கிறார்களாம்.
ஒருத்திக்கு மஞ்சள் முக்காடு.
பெயர் இன்னும் வைக்கவில்லை, உனக்கு ஏதாவது தோன்றுகிறதா
என்று கைஷா செய்தி அனுப்பி நான்கு நாளாகிறது.
டிர்க்கூவில் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது.