அன்னாசிக்குக் கறுப்புச் சோயா

உபி, ஏழாம் மாடி, மூன்று மணி.
ரொஹாயா அன்னாசித் துண்டைக்
கறுப்புச் சோயாவில் முக்குகிறாள்,
சில்லி பாடி இரண்டைக் கிள்ளிப் போட்டு.
"ஐயே" என்றேன் முதல் நாள்.

நானோ கொய்யாவுக்கு
உப்பும் மிளகாய்த்தூளும் தவிர
எதையும் ஒப்பாதவள்.
மாம்பழத்தில் மட்டும்
யாரும் எதையும் தூவக் கூடாது.

டுரியானில் எங்களுக்குள் சண்டையில்லை.
இருவர் வீட்டிலும் தடை.

நேற்று அவள் விடுப்பு.
ஃபிரிட்ஜில் அரை அன்னாசி,
பக்கத்திலேயே அவளுடைய சோயா போத்தல்.
யாரும் பார்க்கவில்லை.
முதலில் கரிப்பு,
அதை மிதித்துக்கொண்டு இனிப்பு.
காரம் மட்டும் தாமதமாக,
லிஃப்டில் இறங்கும்போது,
உதட்டோரம்.

இன்று கேட்கிறாள்:
"என் அன்னாசி எங்கே?"
"எறும்பு" என்றேன்.
போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
"சில்லி தின்கிற எறும்பா?"