எதற்கென்று தெரியாது

ரோசமெல் பார்ரியாவின் கோழிக்கொட்டகையில்
பதினாறு வருஷம் கிடந்தது.
ஹோண்டா. நானூறு சிசி. எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி.
ஹேண்டில்பாரில் சேவல் தூங்கும்.
சீட்டுக் கிழிசலில் முட்டை.
விலை கேட்டேன்.
"ஓர் ஆட்டுக்குட்டி, இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு,"
என்றவர் கொஞ்சம் யோசித்து,
"முட்டை என்னுடையது" என்றார்.

சிலோயே தீவில்
மழை பெய்கிறதென்று யாரும் சொல்வதில்லை.
நின்றால் சொல்வார்கள்.
உப்புக்காற்று குரோமைத் தின்று முடித்து
சைலன்சரில் என் சுண்டுவிரல் நுழைய
வாசல் வைத்திருந்தது.
சங்கிலி ஒரே கட்டி.

"இந்தக் காசுக்கு எத்தனை தடவை பஸ்ஸில் போகலாம் தெரியுமா, நயாதெத்?"
என் தங்கை யோபானா கணக்குப் போட்டே காட்டினாள்.
கணக்கு சரிதான்.
ஆனால் கம்பெனி பஸ் என்னைக் கொண்டுபோகிறது.
எனக்குப் போகவேண்டும்.

பகலெல்லாம் சால்மன் ஆலையில்
இடுக்கியால் முள் பிடுங்குகிறவள் நான்.
நிமிஷத்துக்கு ஒரு மீன்.
இரவில் அதே இடுக்கி
(கேட்டுத்தான் எடுத்துவந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்)
கேஸ்கெட்டின் பொருக்குகளை
ஒவ்வொன்றாக உரித்தெடுத்தது.
கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முதல் மாதம் கழற்றுவது மட்டும்.
ஜாம் பாட்டில்களில் சீட்டு ஒட்டினேன்:
இடது கார்புரேட்டர்.
வலது கார்புரேட்டர்.
எதற்கென்று தெரியாது.
மூன்றாவதுதான் முதலில் நிரம்பியது.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.
கம்பளி நூல், சீட்டுப் பஞ்சு,
என்றைக்கோ தோற்றுப்போன வேட்பாளரின்
பாதிச் சிரிப்பு.

பிஸ்டன் இரண்டும் பிடித்துக்கொண்டிருந்தன.
பிளக் துளை வழியே டீசல் ஊற்றி
ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து
கோட்டைக் கழற்றும் முன்பே
ஸ்பேனரை மாட்டி ஓர் அழுத்து.
அசையாது.
கைகழுவிச் சாப்பிடுவேன்.
பதினேழாம் நாள்
மயிரிழை நகர்ந்தது.
அன்று கைகழுவாமல் சாப்பிட்டேன்.

ஜெட் துளையைக் குத்தியெடுக்க
கிட்டாரின் ஆக மெல்லிய தந்தி.
விறகடுப்பின் மேல் கார்புரேட்டர் காய்ந்தது.
அந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டியில் பெட்ரோல் வாசம்.
டேங்கின் துருவுக்கு வினிகரும் ஒரு பிடி நட்டுகளும்.
மூடிக் குலுக்கினேன்,
தோள் கழலும் மட்டும் குலுக்கினேன்.
கணக்குப் போட்ட யோபானா
அந்தத் தாளத்துக்கு
சமையலறையைச் சுற்றி ஆடினாள்.

இருபத்துமூன்றாம் உதையில் இருமியது.
இருபத்துநான்காம் உதையில்
தெருக்கோழிகளெல்லாம் வேலிக்கு மேலே.
புகைக்குள்ளிருந்து ரோசமெல் வந்தார்,
ஒரு கால் செருப்பில்லாமல்.
"திருப்பிக் கொடுத்துவிடு. இரண்டு ஆட்டுக்குட்டி தருகிறேன்."
நான் வாய் திறக்குமுன்
எஞ்சின் நின்றுவிட்டது.
"ஒன்று" என்றார்.

நாலு நிமிஷம் ஓடியது ஏன் நின்றது?
பிளக்கில் பொறி இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது.
டேங்க் மூடியைத் திருகினேன்.
உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.
அத்தனையும் துடைத்தவள்
மூடியிலிருந்த ஊசித்துளையை மறந்திருக்கிறேன்.
தந்தியால் ஒரு குத்து.
ஓர் உதை.
இந்தமுறை நிற்கவில்லை.

அவர் விலை எதுவும் சொல்லவில்லை.
டேங்கின் வலப்பக்கச் சொட்டையில்
உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், சரியாகப் பொருந்தியது.
"இது என்னுடையது" என்றார்.
வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
நான் அதைத் தட்டி எடுக்கவில்லை.

இப்போது விடியுமுன்
ஆலைச்சாலையின் மேட்டில் கம்பெனி பஸ்ஸை முந்துகிறேன்.
பனித்த கண்ணாடியில் யாரோ வட்டமாகத் துடைத்துப் பார்க்கிறார்கள்.
இடது இண்டிகேட்டர் இன்னும் எரியாது, கை காட்டுகிறேன்.
மூன்றாவது பாட்டிலில் மிஞ்சிய வாஷர் ஒன்று
கோட்டுப் பையில்.
ஒவ்வொரு குழியிலும்
காதைத் தீட்டிக்கொள்கிறேன்.