எட்டுக்கொன்று

கெட்டிலுக்குக் கஷாயம் தெரியாது.
கொதித்த மறுகணம் டக்கென்று அணைந்துகொள்ளும்.
கஷாயத்துக்கோ கொதி என்பது தொடக்கம்தான்,
எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காய்ச்
சுண்ட வேண்டும்.
அதனால் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபடி
ஜிலீப்பில், மூன்றாம் மாடிக் குளியலறையில்,
வாஷிங்மெஷின் பிளக்குக்குப் பக்கத்தில்
வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
அறையில் அடுப்பு மூட்டத் தடை.
வாசனைக்குத் தடையென்று
எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முபாரக்கியா போனேன்.
சரக்குக் கடைக்காரர் ஈரானி.
எனக்குப் பெயர் தெரியும், அவரிடம் பொருள் இருக்கிறது,
நடுவில் பாஷை இல்லை.
ஒவ்வொன்றாய்க் கடித்துப் பார்த்தேன்.
தித்தித்து அடித்தொண்டையில் தங்கியது அதிமதுரம்.
"இர்க் சூஸ்" என்றார்.
காரம் தாமதித்து வந்ததால் திப்பிலி.
வால்மிளகைத் தொட்டுக் காட்டினேன்.
"கபாபா" என்றார்.
ஐயோ, கறி வேண்டாம் என்று கையாட்டினேன்.
ஒரு மிளகை வாலைப் பிடித்துத் தூக்கி
எலியைப்போல் ஆட்டிக் காட்டிச் சிரித்தார்.
ஆடாதொடை மட்டும் கிடைக்கவில்லை.
இலையைக் காற்றில் வரைந்தேன்.
கறிவேப்பிலை ஒரு கட்டு கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன், ரசத்துக்கு ஆகும்.

இருமல் மன்மாயாவுடையது.
புழுதிக்காற்று அடித்த வாரத்தில்
எட்டுக் கட்டிலும் இருமின.
ஏழு கட்டில் ஓய்ந்தன.
இனோகா கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொடுத்தாள்.
பாலநாகம்மா மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை காட்டப்போய்
கட்டிடம் முழுக்க அலாரம் அலறி
நள்ளிரவில் தெருவில் நின்றோம், நைட்டியோடு.
பிறகு என் முறை.

மூக்கைப் பிடிக்காமல் குடிப்பாள் மன்மாயா.
குடித்துவிட்டு, "நின்றுவிடும்தானே தீதீ?" என்பாள்.
எக்ஸ்ரேயில் நிழல் விழுந்தால்
அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ஆள்பிடித்த ஏஜெண்டுக்கு
இன்னும் பதினொரு மாதக் கடன்.

கஷாயம் சளியை அறுக்கும்.
அறுத்ததை எங்கே போடுவதென்று சொல்லாது.
நான்கு மணி நேரம் அவள் தொண்டை சும்மா இருக்கும்.
சூப்பர்வைசர் வந்து எண்ணிவிட்டுப் போக
நான்கு மணி நேரம் போதும்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில்.
இரண்டாம் தளத் தாழ்வாரத்தில்
கண்ணாடி போட்ட ஒரு சுவரொட்டி.
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை துடைக்கிறேன்.
நான்கு பாஷையில் இருக்கிறது, தமிழில் இல்லை.
ஆனாலும் இருமுகிற ஆள் படமும்
இரண்டு என்ற எண்ணும் புரியாமலா போகும்?
இரண்டு வாரம்.
மன்மாயாவுக்கு இன்று இருபத்து மூன்றாம் நாள்.

நேற்றிரவு தன் துப்பட்டாவைத் தனியே,
வெந்நீரில் துவைத்தாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.
வெந்நீர் என் கெட்டிலில் போட்டது.

மருந்து கொடுக்கிறேனா,
சத்தத்துக்கு மூடி செய்கிறேனா?
கட்டைவிரல் சிவந்து, நகத்தடி வெளுத்திருக்கிறது.
சுக்கின் ஆவி கண்ணில் ஏறுகிறது,
அல்லது வேறு ஏதோ.

எடுத்துவிட்டேன் விரலை.
டக்.
எட்டுப் பங்கு ஐந்துகூட ஆகவில்லை.

கட்டிலருகே போய்ச் சொன்னேன்:
காலையில் என்னோடு பஸ்ஸில் வா.
துடைக்க இல்லை. காட்ட.
ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
கடனை யார் அடைப்பார் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

விடியுமுன் எழுந்து
சுண்டாத அந்தத் தண்ணீரை
ஃபிளாஸ்க்கில் அவளே வடிகட்டிக்கொண்டாள்.
பஸ்ஸில் முகக்கவசத்தோடு ஜன்னலோரம்.
நாலாம் ரிங் ரோட்டில் மூடியில் ஊற்றி
முதலில் எனக்கு நீட்டினாள்.
வெறும் தித்திப்பு.
திப்பிலியின் காரம்
ஃபர்வானியா ஸ்டாப்பில் இறங்கி
ரோட்டைக் கடக்கும்போதுதான் வந்தது.